பதினேழாம் கலவை

இன்னாசியின் மணிக்கட்டில் கட்டியிருந்த பிராணவாயுப் பட்டை வீல் என்று அலறியது.

தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசி மட்டும் அசரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது, நமக்கென்ன என்பதுபோல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தன.

“அதை அமுக்கி விடுங்க வக்கீலம்மா. சும்மா கத்துது.”

“சும்மா கத்துறதுக்கா கட்டியிருக்கு? யாராவது ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!” ஜெசிந்தா தன் கறுப்பு அங்கியைக் கழற்றிச் சுருட்டி, அவர் முதுகுக்குப் பின்னால் அணை கொடுத்தாள்.

கம்பெனி வக்கீல் அனந்தராமன் படியிறங்கப் போனவர் நின்றார். வெள்ளித் தலை, வெண்ணெய்க் குரல். சற்று முன்தான் உள்ளே, “மூச்சைச் சோதிக்கும் ஊதுமானிக் கருவியின் தரச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது” என்று ஒரு ஆட்சேபணையைக் கிளப்பி, வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தார். மாதம் ஒருமுறைதான் தீர்ப்பாயம் திண்டுக்கல்லுக்கு வரும். நீதிபதியின் கார் மதுரைச் சாலையைப் பிடித்திருக்கும்.

“எதுக்குங்க இந்தப் பிடிவாதம்?” என்றார் உண்மையிலேயே இரக்கப்படுகிற தொனியில். “எங்க முதலாளி சொன்னது சொன்னதுதான். திறவி மருந்து, முழு கோர்ஸ், இலவசம். ஒரு கையெழுத்துகூட வேண்டாம்.”

“குடுப்பீங்க சார்,” என்றார் இன்னாசி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சைத் தேடி. “திருடுன வீட்டுக்கே… வெள்ளையடிச்சுக் குடுக்குற… நல்ல மனசு.”

ஸ்ட்ரெச்சர் வந்தது.

இன்னாசி யார் என்று சொல்ல வேண்டும். வத்தலகுண்டு சாலையில் இருந்த செந்தாழை சிகரெட் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். வேலைக்கு நடுவே சிகரெட் பிடித்தவர் அல்ல. சிகரெட் பிடிப்பதுதான் வேலை. தொழிற்சாலையின் பின்கட்டில் ‘ருசி ரூம்’ என்று ஒன்று இருந்தது. கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு புதுக் கலவையையும் புகைத்துப் பார்த்து, காரமா, கசப்பா, தொண்டையில் அறுக்கிறதா என்று சொல்ல அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ருசிக்காரர்கள். இன்று அவர்களில் இன்னாசி ஒருவர்தான் மிச்சம்.

கம்பெனி சொன்ன பதில் எளிமையானது. அப்படி ஒரு அறையே கிடையாது. அந்த ஆட்கள் டீக்கடையில் நின்று தங்கள் இஷ்டத்துக்கு ஊதினார்கள், தங்கள் இஷ்டத்துக்குச் செத்தார்கள்.

“இன்னிக்கே திறவி கொடுக்கணும் ஜெசி,” என்றாள் டாக்டர் ஃபர்ஹானா. நுரையீரல் மரபணு மருத்துவர். ஜெசிந்தாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். “அடுத்த மாசம் வரைக்கும் எல்லாம் அவர் தாங்கமாட்டார். தாங்குவார்னு நான் சொன்னா அது பொய்.”

ஆஸ்பத்திரி அறையில் இன்னாசியைச் சுற்றி அவர் மனைவி ஞானம்மாளும், பேச்சியம்மாளும் நின்றிருந்தார்கள். பேச்சியம்மாள் ருசிக்காரர் மொக்கையனின் விதவை. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். ருசி ரூமின் புகைபோக்கி பேக்கிங் ஹாலுக்குள்தான் திறந்திருந்தது. அங்கே உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்த பெண்கள் நாற்பது பேருக்குமேல் இப்போது இருமிக்கொண்டிருந்தார்கள்.

“குடுத்தா என்னம்மா ஆகும்? தெளிவாச் சொல்லு,” என்றாள் ஞானம்மாள். “ரெண்டு வருஷமா வக்கீலம்மா சொல்றது பாதி புரியுது, பாதி புரியல.”

ஃபர்ஹானா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நம்ம ஊரு பூட்டு ஊருதானேம்மா? அதை வெச்சே சொல்றேன். நுரையீரலை ஒரு கடைத்தெருன்னு வெச்சுக்குங்க. புகை உள்ள போனா கடைங்களை இடிச்சுத் தள்ளுதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அதுவும் உண்டு. ஆனா அதைவிடச் சத்தமில்லாம இன்னொண்ணு பண்ணும். ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுட்டுப் போயிரும். கடை அப்படியே இருக்கும், உள்ள சரக்கும் இருக்கும். ஆனா திறக்காது. பூட்டு விழுறது எந்தக் கட்டடத்துல தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன்ல. செல்லு தறிகெட்டுப் பெருகாம பாத்துக்குற மரபணுவுக்குத்தான் முதல் பூட்டு. அப்புறம் என்ன, தெருவுல ரவுடி ராஜ்யம். அதுதான் புத்துநோய்.”

“திறவி?”

“எல்லாப் பூட்டையும் திறந்து விடுற சாவி. மூச்சு வழியா உள்ள போகும். போலீஸ் ஸ்டேஷன் திறந்துரும். ரவுடிங்களை அவங்க பாத்துப்பாங்க.”

“அப்ப குடுக்க வேண்டியதுதானே?”

ஃபர்ஹானா ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“பூட்டுதான்ம்மா நம்ம சாட்சி,” என்றாள் ஜெசிந்தா கடைசியில். “ஒவ்வொரு புகையும் ஒவ்வொரு தினுசுப் பூட்டுப் போடும். பஸ் புகைக்கு ஒண்ணு, அடுப்புப் புகைக்கு ஒண்ணு, கடையில வித்த செந்தாழை சிகரெட்டுக்கு ஒண்ணு. ஊதுமானியில ஊதினா எது எதுன்னு தெரிஞ்சிரும். ருசி ரூம்ல பதினேழாம் கலவைன்னு ஒண்ணு ரெண்டு வருஷம் இவங்களுக்குக் குடுத்தாங்க. அது கடைக்கு வரவே இல்ல. அந்த அறையை விட்டு வெளிய போகல. அந்தக் கலவையோட பூட்டு அண்ணன் நுரையீரல்ல வரிசையாத் தொங்குது. டீக்கடையில பிடிச்சிருந்தா அது எப்படி அங்க வரும்?”

“அப்ப இப்பவே எடுத்து பாட்டில்ல வெச்சுக்க வேண்டியதுதானே?”

“சட்டம் ஒத்துக்காது. சாம்பிளை மாத்தி ஏமாத்தினாங்கன்னு எப்பவோ ஒரு பெரிய கூத்து நடந்துச்சு. அதுக்கப்புறம் நீதிபதி கண்ணு முன்னால ஆள் நின்னு ஊதினாத்தான் செல்லும். பேக்கிங் ஹால்காரங்க ஊதினா பூட்டு அரைகுறையாத் தெரியுது, அது நிக்காது. நிக்கிற சாட்சி அண்ணன் ஒருத்தர்தான். திறவி உள்ள போச்சுன்னா ஒரு பூட்டும் மிஞ்சாது. துடைச்சு விட்ட சிலேட்டு.”

“அதனாலதான்,” என்றார் இன்னாசி கண்ணைத் திறக்காமல். “நான் திறவி… எடுக்கல. ஜெயிச்சா வேலையால வந்த நோய்னு ஆகும். நாப்பது பொம்பளைங்களுக்கும்… கம்பெனி மருந்து குடுத்தாகணும். ஒரு மாசம்தானே. மூச்சைப் புடிச்சுக்கிறேன். புடிக்கிறது… எனக்குப் பழக்கம்.”

அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். இருமினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“வக்கீலம்மா, எனக்கு ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் மூச்சு நின்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அது எப்படி நிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எங்க நாப்பது பேருக்கு மருந்து வேணும்னு, இந்த அண்ணன் மூச்சு நிக்கிறதை நாங்க வேடிக்கை பாக்கணுமா? அப்படி வர்ற மருந்து எங்களுக்குத் தொண்டையில இறங்குமா? குடுங்க டாக்டரம்மா. கேஸு போனாப் போகுது.”

“பேச்சி, உனக்கே…”

“நீங்க பேசாதீங்கண்ணே. மூச்சு வீணாகுது.”

தனக்கு வேண்டிய மருந்தைத்தான் அவள் விட்டுக்கொடுக்கிறாள் என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாகக் கட்டிய வழக்கு. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஃபர்ஹானாவிடம் தலையசைத்தாள்.

“அனந்தராமனுக்கு நான் போன் பண்றேன். அந்த இலவசத்தை வாங்கிக்கறோம்னு.”

இன்னாசி மூன்று நாள் ஜெசிந்தாவோடு பேசவில்லை. நான்காவது நாள் பேசினார், ஏனென்றால் பேச முடிந்தது. அடுத்த வாரம் பேச்சை நிறுத்த முடியவில்லை.

“முதலாளி நடுவுல பிரம்பு நாற்காலி போட்டு உக்காந்திருப்பார், வக்கீலம்மா. நாங்க சுத்தி.”

ஜெசிந்தா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “முதலாளியா? கமலக்கண்ணனா? சிகரெட்டைக் கையால தொட்டதில்லைன்னு மேடைக்கு மேடை சொல்றாரே!”

“வெளிய தொடமாட்டார். நெத்தியில சந்தனம், கோயில் அறங்காவலர், பள்ளிக்கூடம் வேற நடத்துறார். ஆனா ருசி ரூமுக்குள்ள எங்களைவிட அவர்தான் பெரிய ருசிக்காரர். பதினேழு அவரே சேர்த்த கலவை. பெத்த பிள்ளை மாதிரி. அந்த ரூமுக்குன்னு ஒரு பழக்கம் உண்டு. மூணு இழுப்பு இழுக்கணும், வாயைக் கொப்புளிச்சுப் பொரி தின்னணும், அப்புறம் உரக்கச் சொல்லணும். தப்பாச் சொன்னா அவர் திருத்துவார். அவரால சும்மா இருக்க முடியாது. ஒருநாள் மொக்கையன் வேணும்னே வம்புக்கு, ‘இதுல ஏலக்கா வாசம் வருது முதலாளி’ன்னான். மனுசன் சாப்பாட்டுல கை வெச்சவர் எச்சில் கையோட எந்திரிச்சு வந்து, ‘எங்கடா ஏலக்கா, எந்த இழுப்புல ஏலக்கா’ன்னு குதிச்சார். நாங்க சிரிச்ச சிரிப்பு!” இன்னாசி நீளமாக மூச்சை இழுத்தார், அது உள்ளே போகிற அழகைப் பார்க்கவே இழுப்பவர்போல. “பதினேழுல தாழம்பூ வாசம். ஆனா எடுத்த உடனே வராது. மூணாவது இழுப்புல, புகையை மூக்கு வழியா விடுறப்ப, சினிமாவுல கடைசியா வர்ற கதாநாயகி மாதிரி வரும்.”

ஜெசிந்தா வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். இன்னாசியின் நுரையீரல் துடைத்தாயிற்று. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்த இன்னொரு நுரையீரல் உயிரோடு நடமாடுகிறதே! அதில் தொங்குமே பதினேழின் பூட்டு!

விசாரணை நாளன்று இன்னாசி தீர்ப்பாயத்தின் இரண்டு மாடிப் படியையும் ஏறி வந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. மேலே வந்து நின்று கீழே பார்த்து, “வாங்க வக்கீலம்மா, மூச்சு வாங்குதா?” என்றார்.

உள்ளே அனந்தராமன் நேரத்தை வீணாக்கவில்லை. இன்னாசியை ஊதச் சொன்னார். திரையில் எதுவும் எழவில்லை.

“வெறும் காற்று, கனம் நீதிபதி அவர்களே,” என்றார். “எங்கள் கட்சிக்காரர் பெருந்தன்மையோடு மருந்து கொடுத்துக் காப்பாற்றிய மனிதர் இவர். நன்றிக்குப் பதில் வழக்கு. சாட்சியமோ, காற்று.”

நீதிபதி திலகவதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “வேறு சாட்சி?”

“கம்பெனி உரிமையாளரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்,” என்றாள் ஜெசிந்தா.

கமலக்கண்ணன் கூண்டில் ஏறினார். அறுபத்தெட்டு வயது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், உள்ளங்கை தாமரைபோலச் சிவப்பு. சத்தியப் பிரமாணம் எடுத்தார். ருசி ரூம் என்று ஒன்று இருந்ததில்லை. பதினேழாம் கலவை என்று ஒன்றைத் தாம் கேள்விப்பட்டதில்லை. சிகரெட் தொழில் தகப்பனார் விட்டுப்போனது, தாம் வாழ்நாளில் ஒரு இழுப்புக்கூட இழுத்ததில்லை.

“அப்படியானால் ஊதிக் காட்டுவதில் உங்களுக்கு ஆட்சேபணை இருக்காது.”

“ஆட்சேபிக்கிறேன்!” அனந்தராமன் எழுந்தார். “ஒருவரை அவர் உடம்பைக்கொண்டே சாட்சி சொல்ல வற்புறுத்தச் சட்டத்தில் இடமில்லை.”

கமலக்கண்ணன் கையைத் தூக்கித் தம் வக்கீலை அமர்த்தினார். சிரித்தார். “இருக்கட்டும் சார். புள்ள ஆசையாக் கேக்குது. ஊதுறேன்.”

ஜெசிந்தா அந்தச் சிரிப்பைக் கவனித்தாள். பயப்பட வேண்டியவன் பயப்படவில்லை.

அவர் ஊதினார், பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல் நிதானமாக. திரையைப் பார்த்தார்கள். புகையிலை வரிசை: காலி.

கம்பெனி ஆட்கள் கை தட்டினார்கள். நீதிபதி மேஜையைத் தட்டினார். பின்வரிசையில் பேச்சியம்மாள் இருமுவது மட்டும் கேட்டது.

ஆனால் கருவியை இயக்கிய ஃபர்ஹானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள், மறுபடி மேலே.

“டாக்டர், ஏதாவது கோளாறா?” என்றார் நீதிபதி.

“கருவியில் கோளாறு இல்லை. புகையிலை வரிசை காலி, சரி. வண்டிப் புகை வரிசையும் ஏறக்குறையக் காலி. அடுப்புப் புகை, காலி. கற்பூரம், ஊதுபத்தி, தீபாவளி மத்தாப்பு, எல்லாம் கிட்டத்தட்டக் காலி. அறங்காவலராக இருப்பவர் தினம் கற்பூரம் காட்டுகிற இடத்தில் நிற்பவர்தானே?”

“அதனால் என்ன?” என்றார் அனந்தராமன்.

“ஒப்பிட்டுப் பார்க்க இங்கே யாராவது ஊதினால் சொல்கிறேன்.”

நீதிபதி கையை நீட்டினார். “கொண்டுவாருங்கள், நானே ஊதுகிறேன்.”

ஊதினார். திரை திருவிழாவானது. வண்டிப் புகை, தாளிப்புப் புகை, சாம்பிராணி, கொசுவத்தி. கடைசியாக ஒரு சின்னக் கோடு. ஃபர்ஹானா தயங்கினாள்.

“சொல்லுங்கள்.”

“கல்லூரி நாட்களில் கொஞ்சம் சிகரெட், அம்மா.”

“விடுதி மொட்டைமாடி,” என்றார் நீதிபதி முகம் மாறாமல். “மேலே சொல்லுங்கள்.”

“மண்ணில் வாழ்கிற மனுஷ நுரையீரல் இப்படித்தான் இருக்கும். சிகரெட்டே தொடாதவர் நுரையீரலில்கூட ஆயிரம் பூட்டு தொங்கும். இப்படிக் காலியாக இருப்பது ஒரே மாதிரி ஆளுக்குத்தான். திறவி எடுத்தவருக்கு. இதோ இன்னாசி அவர்களுடையது, இதோ இவருடையது. ஒரே ஒரு வித்தியாசம். திறந்த பிறகு ஊர்த் தூசி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டுப் போட ஆரம்பிக்கும். இன்னாசிக்கு மூன்று வாரத் தூசி. இவருக்கு ஆறு வருஷத் தூசி. அறுபத்தெட்டு வயதுக்காரர் உடம்புக்குள் ஆறு வயதுப் பிள்ளையின் நுரையீரல்.”

“திறவிக்கு உரிமம் கிடைத்து இரண்டு வருஷம்தானே ஆகிறது?” என்றார் நீதிபதி மெதுவாக.

“ஆமாம். அதற்குமுன் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. கமலக்கண்ணன் அவர்களுடைய சொந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்.”

பின்வரிசையில் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். அவள் புருஷன் செத்து ஐந்து வருஷம்.

கமலக்கண்ணன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். முதன்முறையாகத் தம் வக்கீலைத் தேடினார். அனந்தராமன் சும்மாவா சீனியர் ஆனார்? எழுந்தார். குரலில் வெண்ணெய் குறையவில்லை.

“சரி. எடுத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். வசதி உள்ளவர் தலைக்குச் சாயம் அடிப்பதில்லையா? வண்டிப் புகையைக் கழுவ எடுத்திருக்கலாம். உரிமத்துக்குமுன் எடுத்தது தவறென்றால் அதை விசாரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இருக்கிறது. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. ருசி ரூம் என்ற அறையும் பதினேழாம் கலவையும் இருந்தனவா? துடைத்த சிலேட்டில் என்ன எழுதியிருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அது யாருடைய சிலேட்டாக இருந்தாலும் சரி.”

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. சட்டம் அப்படித்தான் இருந்தது என்பதும் தெரிந்தது.

“அவர் சொல்வது சரி, ஜெசிந்தா. அந்தக் கலவை இருந்தது, இவர்கள் அதைப் புகைத்தார்கள் என்பதற்குக் கம்பெனி தரப்பிலிருந்து ஒரு துணுக்குச் சாட்சியம் போதும் எனக்கு. இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கை முடிக்க வேண்டியிருக்கும்.”

கேன்டீனில் ஜெசிந்தா பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. எதிரே இன்னாசி வருஷக்கணக்கில் சாப்பிடாதவர்போல் சாப்பிட்டார். அவருக்கு ருசி திரும்பியிருந்தது. ஞானம்மாள், “மெதுவா, மெதுவா” என்று தண்ணீரை நகர்த்தினாள்.

“தம்பி!” இன்னாசி பரிமாறியவரைக் கூப்பிட்டார். “இது சீரகச் சம்பாவா?”

“ஆமாங்கய்யா. திண்டுக்கல்லுல வேற எதுல பண்ணுவாங்க?”

“இல்லப்பா. முக்கால்வாசி வேற அரிசி. பட்டையும் ஒரு துண்டு கூடிப் போச்சு.”

“சும்மா சாப்பிடுங்களேன்!” என்றாள் ஞானம்மாள். “இருக்குற கவலையில அரிசி ஆராய்ச்சி!”

“முடியல ஞானம். தப்புன்னு தெரிஞ்சா சொல்லாம இருக்க முடியல. ருசி ரூம் பழக்கம். அங்க உக்காந்த எவனாலயும் முடியாது.”

ஜெசிந்தாவின் கை நின்றது.

“எவனாலயுமா அண்ணே?”

“எவனாலயும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னாசியின் முகத்தில் மெதுவாக, மிக மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. “வக்கீலம்மா,” என்றார், “அவர் அதைப் பெத்தவர். ஞாபகம் வெச்சுக்குங்க.”

அவள் கை கழுவப் போனாள். கண்ணாடியைப் பார்த்துச் சிடுசிடுப்பாக ஒரு முகம் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

மதியம் மன்றம் கூடியது. கமலக்கண்ணன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உதட்டில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. சந்தனம்கூடப் புதிதாக இட்டிருந்தார்.

“முடிவுரைதானே?” என்றார் நீதிபதி.

“ஆமாம், கனம் நீதிபதி அவர்களே. சுருக்கமாக.” ஜெசிந்தா காகிதம் எதையும் எடுக்கவில்லை. “நான் சிகரெட் பிடித்ததில்லை. என் கட்சிக்காரர் சொல்லாகவும் இதைச் சொல்லவில்லை. என் சொந்த அபிப்பிராயம். பதினேழாம் கலவையைக் கம்பெனி ஏன் கடைக்கு அனுப்பவில்லை தெரியுமா? அது குப்பை.”

அனந்தராமன் புன்னகைத்தார். தோற்பவள் திட்டுகிறாள், திட்டட்டும்.

“மக்கிப்போன இலை. அதன் நாற்றத்தை மறைக்க மலிவான சென்ட். கற்றுக்குட்டி ஒருவன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்த கலவை. சுவைக்கத் தெரிந்த யாரும் அதை அப்படிக் கலந்திருக்கமாட்டார்கள்.”

கமலக்கண்ணனின் கால் தரைக்கு இறங்கியது.

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருப்பவரைப்போல.

“வாயில் வைத்ததுமே கசப்பு. பொது இடத்துக் கழிப்பறையில் வைக்கிற உருண்டை மாதிரி ஒரு வாடை. அதற்குப் பெயர் தாழம்பூவாம்!”

நாற்காலியின் கைப்பிடியில் தாமரைச் சிவப்பு விரல்கள் வெளுத்தன. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. அனந்தராமன் இப்போதுதான் தம் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் புன்னகை போய்விட்டது. கையை நீட்டி அவர் தோளைப் பிடிக்கப் போனார்.

ஜெசிந்தா அவசரப்படவில்லை. நேராகக் கமலக்கண்ணனின் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்:

“முதல் இழுப்பிலேயே அந்தத் தாழம்பூ தொண்டையை அறுக்குமாம்.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“முதல் இழுப்புல எப்படிம்மா வரும், அறிவு கெட்டவளே! மூணாவது இழுப்புல, மூக்கு வழியா விடுறப்பத்தானே வரும், அப்படி வரணும்னுதானே நான் அதைக் கலந்தேன், கேளு, அந்த இன்னாசியைக் கேளு, என் பக்கத்துல உக்காந்து தினம் பிடிச்சவன்தானே அவன்!”